ஷூ அளவும் தாய்மாமன் பேனரும்

நீங்கள் எல்லோரும் எச்.ஆர். படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நான் வேலையில் சேர்ந்தபோது அதற்குப் பெயர் பர்சனல் டிபார்ட்மெண்ட். போர்டில் பெயர் மாறியதே தவிர, நாம் செய்கிற காரியம் அப்படியேதான் இருக்கிறது. படித்து முடித்து வருகிற பிள்ளையை எதிரே உட்கார வைத்து, அரை மணி நேரம் பேசி, அதன் வாழ்க்கையைப் பற்றி ஒரு முடிவு எடுத்துவிட்டு, டிபன் கேரியரைத் திறக்கப் போய்விடுகிறோம். அந்தப் பிள்ளை அன்றைக்குச் சாப்பிட்டதா என்று நாம் கேட்பதில்லை.

இன்டர்வியூவில் என்னென்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்குப் பாடமாகவே நடத்தியிருப்பார்கள். இன்னும் ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள், உங்கள் பலவீனம் என்ன, இப்படி. அந்தக் கேள்விகளால் யாருக்கும் ஆபத்து வந்து நான் பார்த்ததில்லை, ஏனென்றால் அவற்றுக்கு யாரும் உண்மையைச் சொல்வதில்லை. நான் சொல்லப் போவது பாடத்தில் இல்லாத ஒரு கேள்வி. அந்த ஒரு கேள்வியால் எங்கள் கேட்டுக்கு எதிரே ஒரு மாடு வந்து நின்றது.

மாட்டுக்கு வருவதற்கு முன்னால் கேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த முதல் மேனேஜர் எப்போதும் வெற்றிலை போடுகிறவர். இன்டர்வியூ நம் ரூமில் முடிவதில்லை, கேட்டுக்கு வெளியே நிற்கிற ஆட்களிடம்தான் முடிகிறது என்பார். வாயில் சாறு இருப்பதால் வார்த்தை மாறி வருகிறது என்று அன்றைக்கு விட்டுவிட்டேன். மனிதர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

நம் மதுரைப் பக்கம் ஒருவர் வேலை கேட்டு வந்தால் ஒருவராக வருவதில்லை. அப்பா மஞ்சள் பையோடு வருவார், சித்தப்பா வழி தெரியும் என்று வருவார், பைக் வைத்திருக்கும் நண்பன் பைக்குக்காக வருவான். ஒருமுறை ஒரு பையனின் அம்மா நேராக ரூமுக்குள்ளேயே வந்து, அவன் கூச்சப்படுவான், என்னிடம் கேளுங்கள் என்று பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கேட்டேன். அருமையாகப் பதில் சொன்னார். அவரை வேலைக்கு எடுக்க முடியவில்லையே என்று இன்றைக்கும் எனக்கு வருத்தம் உண்டு.

எங்கள் தொழிற்சாலை திருமங்கலத்தைத் தாண்டி நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. வண்டிகளுக்கு வேண்டிய ரப்பர் பாகங்கள் செய்வோம். உள்ளே கால் வைக்க வேண்டும் என்றால் பாதுகாப்பு ஷூ கட்டாயம். பெரிய அளவுகள் ஸ்டோரில் எப்போதும் இருக்கும். சின்ன அளவுகளை, முக்கியமாகப் பெண்களுக்கானதை, சொல்லி வைத்துத்தான் வரவழைக்க வேண்டும், வர நாளாகும். அதனால் ஸ்டோர்காரர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். கடைசிச் சுற்றுக்கு வருகிற எல்லோரிடமும், தேர்வாகிறார்களோ இல்லையோ, கிளம்பும்போது ஷூ அளவைக் கேட்டு வைத்துக்கொள்வார். எங்களுக்கு அது குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பது போல ஒரு சாதாரணக் கேள்வி.

சில வருடங்களுக்கு முன்பு எங்கள் சோதனைக்கூடத்தில் ஒரே ஒரு பயிற்சியாளர் இடம் காலியானது. செய்து முடித்த பாகங்களைச் சோதித்து, சரியாக இருப்பதை அனுப்பி, சரியில்லாததைத் திருப்புகிற வேலை. கடைசிச் சுற்றுக்கு மூன்று பேர் வந்தார்கள். மூவரும் படிப்பை முடித்து வேலை தேடுகிறவர்கள், மூவருக்கும் முதல் வேலை. பேசிப் பார்க்க நானும் எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜரும் உட்கார்ந்தோம். அவர் வெயிலிலும் டை கட்டுகிறவர். சிரித்தால் உற்பத்தி குறைந்துவிடும் என்று நம்புகிறவர்.

மூவரில் ஒருத்தி கௌசல்யா. கெமிஸ்ட்ரி படித்தவள். திருமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் வேலை பார்த்துப் படிக்க வைத்திருக்கிறார்கள். காலேஜுக்காக அவள் அவனியாபுரத்தில் தாய்மாமன் வீட்டில் தங்கியிருந்தாள். மாமன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்.

படிப்பு முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்ததால், இத்தனை நாள் என்ன செய்தாய் என்று கேட்டேன். இன்டர்வியூவுக்குப் போய்க்கொண்டிருந்தேன் என்றாள். போய்விட்டுத் திரும்பும்போது மாமாவின் ஆட்டோ ஸ்டாண்டில் அத்தனை பேரும் என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்பார்களாம். ஆசையாகத்தான் கேட்கிறார்கள். ஆனாலும் பதில் சொல்ல முடியாமல், இப்போதெல்லாம் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிச் சந்து வழியாக வீட்டுக்கு நடந்து போய்விடுவதாகச் சொன்னாள். இந்த வேலையும் கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் என்றேன். சற்று யோசித்து, "இன்னும் ஒரு ஸ்டாப் முன்னாடி எறங்குவேன் மேடம்" என்றாள். சிரித்துவிட்டேன், பிறகு சிரித்ததற்கு வெட்கப்பட்டேன்.

அவள் போனதும் நான் இவளை எடுக்கலாம் என்றேன். மேனேஜர் பரவைப் பக்கத்திலிருந்து வந்த பையனை எடுக்கலாம் என்றார். பெண் நன்றாகத்தான் பதில் சொல்கிறாள், ஆனால் இரண்டு வருடத்தில் கல்யாணம் ஆகிப் போய்விடுவாள், நாம் மறுபடி இதே நாற்காலியில் உட்கார வேண்டும் என்பது அவர் வாதம். கல்யாணம் எதுவும் இல்லாமலே அவர் அதற்கு முன்னால் மூன்று கம்பெனி மாறி வந்தவர் என்பதை நான் நினைவுபடுத்தவில்லை. பரவைப் பையனும் கெட்டிக்காரன்தான். அவர் பக்கமும் நியாயமாக ஏதோ இருக்கக்கூடும் என்று, மறுநாள் நான்கு மணிக்கு உட்கார்ந்து முடிவு செய்வது என்று கலைந்தோம். ஸ்டோர்காரர் தன் வழக்கப்படி மூவரிடமும் ஷூ அளவைக் கேட்டு அனுப்பினார்.

மறுநாள் காலையில் நான் வீட்டில் இட்லியை வாயில் வைக்கும்போது கேட்டிலிருந்து செக்யூரிட்டி போன் செய்தார். கேட்டுக்கு எதிரே மாடு நிற்கிறது, வெரசாக வரவேண்டும் என்றார். மாட்டை விரட்ட எச்.ஆர். எதற்கு, நீங்களே விரட்டுங்கள் என்றேன்.

"வெரட்ட முடியாது மேடம். பேனர்ல நிக்குது."

போய்ப் பார்த்தேன். எதிரே இருந்த டீக்கடைக்குப் பக்கத்தில் இரண்டு பெரிய சவுக்குக் கம்பு நட்டு, எங்கள் கேட்டை விட உயரமாக ஒரு ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். இடது பக்கம் கறுப்புக் கண்ணாடி போட்டுக் கும்பிடுகிற ஒரு மனிதர். வலது பக்கம் திமிலைத் தூக்கிக்கொண்டு ஒரு ஜல்லிக்கட்டுக் காளை, அதன் காலடியில் ‘வக்கீல்’ என்று அதன் பெயர். சுற்றிலும் வட்ட வட்டமாகக் காக்கிச் சட்டை போட்ட பதினைந்து இருபது முகங்கள். இத்தனை பேருக்கும் இடம் கொடுத்தது போக, நடுவில் ஸ்டாம்பு அளவுக்குக் கௌசல்யா. காலேஜ் டூரில் எடுத்த படம் போலிருக்கிறது, பின்னால் அருவி கொட்டியது.

எங்கள் நிறுவனத்தின் பெயரைப் போட்டு, அங்கே வேலைக்குத் தேர்வாகியிருக்கும் எங்கள் குலத்தின் முதல் ஆபீசர், அருமை மருமகள் கௌசல்யா பி.எஸ்சி. அவர்களை வாழ்த்தி வணங்குகிறோம் என்று எழுதியிருந்தது. கீழே, தாய்மாமன் முத்துப்பாண்டி மற்றும் ஷேர் ஆட்டோ நண்பர்கள். டீக்கடையில் நல்ல கூட்டம். வந்தவர்கள் எல்லாம் மாட்டைப் பார்த்துவிட்டு டீ குடித்தார்கள்.

நான் சீட்டில் உட்காருவதற்குள் எங்கள் சின்ன முதலாளி போனில் வந்தார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து பொறுப்பேற்றுக்கொண்டவர். கெட்ட மனிதர் இல்லை, சீக்கிரம் பயப்படுகிறவர். அன்றைக்குப் பதினோரு மணிக்குச் சென்னையிலிருந்து எங்கள் பெரிய வாடிக்கையாளர் கம்பெனியின் அதிகாரி ஆய்வுக்கு வருவதாக இருந்தது. முடிவே ஆகாத வேலையைப் பேனரில் போடுகிறார்கள் என்றால், யார் வாக்குக் கொடுத்தது, இவர்கள் எந்தக் கட்சி, நம்மை மிரட்டிப் பார்க்கிறார்களா என்று அடுக்கிக்கொண்டே போனார். கடைசியில் இரண்டு உத்தரவு போட்டார். பத்து மணிக்குள் பேனர் இறங்க வேண்டும். அந்தப் பெண்ணின் பெயரை இப்போதே அடித்துவிட வேண்டும்.

பேனரை முதலில் பார்க்கிறேன், பெண்ணை அப்புறம் பார்க்கலாம் என்றேன். நம் தொழிலில் இது உபயோகமான பதில். மேலே இருப்பவர் கோபத்தில் இரண்டு வேலை சொன்னால் சுலபமாகத் திருத்தக்கூடியதை முதலில் செய்யுங்கள். இறக்கிய பேனரை மறுபடி கட்டலாம். அடித்த பெயரை யாரும் மறுபடி எழுதுவதில்லை.

ஆனால் பேனரை இறக்க ஆள் கிடைக்கவில்லை. செக்யூரிட்டி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தாய்மாமன் படம் இருக்கு, மாடு படம் இருக்கு. இதுல கை வச்சா அவனியாபுரத்துல பாதி ஊரு இங்கன வந்து எறங்கும் மேடம். வேணும்னா ராஜினாமா எழுதித் தாரேன்."

அவர் சொன்னது முழுக்க நியாயம். மாட்டை அவிழ்த்துவிட்ட நாளைவிட மாட்டின் படத்தைக் கிழித்த நாள் நம் ஊரில் ஆபத்தானது. கௌசல்யாவுக்கு நானே போன் செய்தேன். பேனரா என்று கேட்டாள். பிறகு, "வாரேன் மேடம்" என்று மட்டும் சொன்னாள். அழவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை, வேலை போய்விடுமா என்றும் கேட்கவில்லை.

அப்போது எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. புரொடக்‌ஷன் மேனேஜரைக் கூப்பிட்டு, கேட்டில் ஒரு சின்னப் பிரச்சினை, நீங்கள் போய் நின்றால்தான் அடங்கும், என் போன்றவர்கள் பேச்சை அங்கே யார் கேட்கிறார்கள் என்றேன். அவர் டையைச் சரிசெய்துகொண்டு போனார். நான் மாடி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

முக்கால் மணி நேரத்தில் ஒரு மஞ்சள் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. பேனரில் இருந்த கறுப்புக் கண்ணாடிக்காரர் இறங்கினார், பின்னாலேயே கௌசல்யாவும் இறங்கினாள். அவர் நாற்பது வயதைத் தாண்டியவர். இரண்டு கையிலும் ஜாங்கிரிப் பெட்டி, தோளில் மடித்த சால்வை. கேட்டில் டை கட்டிய ஒருவர் விறைப்பாக நிற்பதைப் பார்த்ததும், இவர்தான் கம்பெனி முதலாளி என்று முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது. மேனேஜர் திட்டுவதற்கு வாயைத் திறப்பதற்குள் அவர் தோளில் சால்வை விழுந்தது, திறந்த வாயில் பாதி ஜாங்கிரி போனது. என் இருபத்தைந்து வருடப் பணியில் அதற்கு இணையான ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை. ஜன்னலில் நிற்க மனம் வராமல் கீழே ஓடினேன்.

நான் போனதும் முத்துப்பாண்டி எனக்கும் பெட்டியை நீட்டினார். யார் உங்களிடம் வேலை உறுதி என்று சொன்னது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை, மருமகள் எதுவுமே சொல்லவில்லை, நேற்று நான்தான் வந்து கூட்டிப் போனேன், என்ன கேட்டார்கள் என்று ஆட்டோவில் ஒவ்வொன்றாகக் கேட்டேன், கடைசியாக ஷூ அளவு கேட்டதைச் சொன்னாள் என்றார். அதனால் என்ன என்றேன். இந்த அம்மாவுக்கு இவ்வளவு பெரிய பதவியை யார் கொடுத்தது என்பது போல என்னைப் பார்த்தார்.

"என்ன மேடம் இப்படிக் கேக்குறீக. பொண்ணு பாக்க வாரவக பஜ்ஜி தின்னுட்டுப் போனா ஒண்ணும் இல்ல. ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்னா அதுவும் ஒண்ணும் இல்ல. அளவு ஜாக்கெட் குடுங்கன்னு கேட்டுட்டாகன்னா முடிஞ்சு போச்சுல்ல. அதுக்கப்பறம் வேணாம்னு எவனாச்சும் சொல்லுவானா? நீக காலு அளவே கேட்டிருக்கீக."

இதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள், யோசித்துப் பாருங்கள். என் கல்யாணமும் அப்படித்தான் முடிவானது. மாப்பிள்ளை வீட்டார் அளவு ஜாக்கெட் கேட்டு ஆள் அனுப்பிய அன்றே எங்கள் வீட்டில் பாயசம் வைத்துவிட்டார்கள். நாங்கள் கண்ட கண்ட கேள்விகளை யோசித்து யோசித்துக் கேட்டுவிட்டு, எது அந்த மனிதருக்குச் சத்தியத்துக்குச் சமமோ அதை ஸ்டோர்காரரை விட்டுக் கேட்க வைத்திருக்கிறோம்.

இவ்வளவு நேரமும் கௌசல்யா எங்களிடம் வரவில்லை. எனக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை. நேராகப் பேனருக்கு அடியில் போய் நின்று அண்ணாந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாமாவைக் கூப்பிட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"எறக்குங்க மாமா."

முத்துப்பாண்டியின் முகம் சுருங்கிப்போனது. கட்டிய பேனரை அன்றே இறக்கினால் நல்லதில்லை, ஸ்டாண்டில் ஆள் ஆளுக்குச் சேர்ந்து செய்தது, எல்லோருக்கும் சொல்லியாயிற்று, முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றெல்லாம் சொன்னார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியபோது கண் கலங்கியிருந்தது.

"மாமா, சோதிச்சுப் பாக்காத சரக்குல பாஸ்னு ஸ்டிக்கர் ஒட்டலாமா? நீங்க என்னய அப்படி ஒட்டிப்புட்டீக. வேலை கெடச்சா நீங்களே கட்டுங்க, நான் வந்து கம்பப் புடிக்கிறேன். கெடைக்கலன்னா நானே ஸ்டாண்டுல எறங்கி, கெடைக்கலன்னு அம்புட்டுப் பேருகிட்டயும் சொல்றேன். நீங்க எதுவும் சொல்ல வேணாம்."

ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கிச் சந்து வழியாக ஓடுகிற பெண் இதைச் சொன்னாள். அதன் விலை என்ன என்று அங்கே நின்றவர்களில் எனக்கும் மேனேஜருக்கும் மட்டும்தான் தெரியும். நான் மேனேஜரைப் பார்த்தேன். ஜாங்கிரியை விழுங்கி முடித்திருந்தார். சால்வையை எடுக்க மறந்து நின்றார்.

முத்துப்பாண்டி கம்பில் ஏறினார். மேலே இருந்து ஒரு முனை அவிழ்ந்து தொங்கியதும், கீழே பிடிக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார். பக்கத்தில் நின்றது மேனேஜர்தான். அவர் போய்ப் பிடித்தார். காளையின் திமில் அவர் தலைக்கு மேல் மடங்கி விழுந்தது. சரியாக அந்த நேரத்தில், பதினோரு மணிக்கு வரவேண்டிய சென்னைக்காரரின் கார் பத்தே காலுக்கு வந்து நின்றது. சின்ன முதலாளியும் உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

ஆய்வுக்கு வந்தவர் இறங்கியதும் முதலில் கண்டது, சால்வை போர்த்திய எங்கள் மேனேஜர் ஒரு மாட்டைச் சுருட்டிக்கொண்டிருப்பதைத்தான். என்ன விழா என்று கேட்டார். சின்ன முதலாளி என்னைப் பார்த்தார். ஏதாவது சமாளியுங்கள் என்பது அந்தப் பார்வைக்குப் பொருள். கோயில் திருவிழா என்று சொல்லியிருக்கலாம். பக்கத்துக் கடை திறப்பு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பொய் சொன்னால் அதை மேனேஜரும் செக்யூரிட்டியும் டீக்கடைக்காரரும் சேர்ந்து காப்பாற்ற வேண்டும். அவ்வளவு பேரை நம்பி நான் எப்போதும் பொய் சொல்வதில்லை. நேற்று ஒரு பெண் இன்டர்வியூவுக்கு வந்தாள், முடிவு சொல்வதற்கு முன்னால் அவள் மாமா சந்தோஷத்தில் பேனர் கட்டிவிட்டார், முடிவாகாததைப் போடக்கூடாது என்று அவளே வந்து இறக்க வைக்கிறாள் என்று உள்ளதைச் சொன்னேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சென்னையில் எங்கள் கம்பெனியில் சேர்ந்ததற்கு இதுவரை யாரும் சந்தோஷப்பட்டதாகவே தெரியவில்லையே என்றார். முத்துப்பாண்டி அவருக்கும் ஜாங்கிரி கொடுத்தார். ஆய்வு நன்றாகவே முடிந்தது.

மதியம் சின்ன முதலாளி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். முகமெல்லாம் மலர்ச்சி. சென்னைக்காரருக்கு அந்தப் பெண் விஷயம் ரொம்பப் பிடித்துவிட்டது, அந்தப் பெண்ணையே போட்டுவிடுங்கள், இப்போதே கூப்பிட்டுச் சொல்லுங்கள் என்றார். நான் ஆசைப்பட்டதும் அதுதானே, வாயை மூடிக்கொண்டு சரி என்று வந்திருக்கலாம். முடியாது சார் என்றேன். காலையில் ஒரு பேனரைப் பார்த்துப் பெயரை அடிக்கச் சொன்னீர்கள், மதியம் அதே பேனரைப் பார்த்து வேலை கொடுக்கச் சொல்கிறீர்கள், பரவைப் பையனுக்கு ஆட்டோ ஓட்டுகிற மாமா இல்லாதது அவன் குற்றமா என்று கேட்டேன். நான்கு மணிக்கு உட்கார்ந்து முடிவெடுப்பதாக இருந்தோம், நான்கு மணிக்கே எடுக்கிறோம் என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு வழி தெரியவில்லை.

சொல்லிவிட்டு வந்தேனே தவிர, நான்கு மணி வரை கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் பரவைப் பையன் பக்கமே நின்றால் எங்கள் வழக்கப்படி வேலை தெரிந்தவர் வாக்குத்தான் செல்லும். கையில் வந்ததை நியாயம் பேசி நானே தட்டிவிட்டேனோ என்று இருந்தது. அந்தப் பெண் இரண்டு ஸ்டாப் முன்னால் இறங்கி நடப்பது கண் முன்னால் வந்துகொண்டே இருந்தது.

மேனேஜர் வந்தார். சால்வை மடித்துக் கையில் இருந்தது. உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். நான் பேச்சைத் தொடங்குமுன் அவரே தொடங்கினார்.

"நம்ம லேப்புல என்ன பிரச்சினைன்னா மேடம், சப்ளையர் தெரிஞ்சவரா இருந்தா சரக்க விட்டுர்றாங்க. இந்தப் பொண்ணு பெத்த தாய்க்குத் தம்பியவே ரிஜெக்ட் பண்ணி அனுப்பிருச்சு. எனக்கு இது போதும்."

பேனரைக் கணக்கில் எடுக்க மாட்டேன் என்று மதியம் சொன்னவள் நான். நீங்கள் கெட்டிக்காரர்கள், இதைப் பிடித்துக்கொள்வீர்கள். கட்டியது மாமா, இறக்கியது மருமகள். கட்டியதை அவள் பெயரில் எழுதக்கூடாது, இறக்கியதை எழுதலாம் என்பது என் கட்சி. கல்யாணமாகிப் போய்விடுவாளே சார் என்று சும்மா ஒரு வார்த்தை போட்டுப் பார்த்தேன். அவர் சால்வையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். பரவைப் பையன் அடுத்த காலியிடத்தில் வந்து சேர்ந்தான், அவனும் நன்றாகவே இருக்கிறான்.

கௌசல்யாவுக்குப் போன் செய்தேன். பின்னால் ஆட்டோ ஹாரன் சத்தம். எங்கே இருக்கிறாய் என்றேன். ஸ்டாண்டில் இறங்கி நிற்கிறேன் மேடம், இன்னும் முடிவாகவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றாள். முடிவாகிவிட்டது என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அதைத் தொடர்ந்து, கட்டலாமா என்று ஒரு ஆண்குரல் கெஞ்சியது. ஆர்டர் கைக்கு வரட்டும் மாமா என்று அவள் அழுதுகொண்டே அதட்டினாள். ஆர்டர் வந்த அன்று வக்கீல் காளை மறுபடி எங்கள் கேட்டுக்கு எதிரே நின்றது. அன்றிலிருந்து ஸ்டோர்காரர் ஷூ அளவை வேலை உறுதியான பிறகுதான் கேட்கிறார்.

இங்கேயே முடித்துக்கொண்டால் என் மரியாதைக்கு நல்லது. ஆனால் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

கௌசல்யாவுக்குக் கல்யாணமும் ஆனது, வேலையிலும் இருக்கிறாள், இன்றைக்குச் சோதனைக்கூடமே அவள் பொறுப்பில். நம் மேனேஜர்தான் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். நான் போன வருடம் ஓய்வு பெற்றேன். ஓய்வுக்குக் கொஞ்ச நாள் முன்பு அவள் என் ரூமுக்கு வந்து, பேச்சோடு பேச்சாக, மேடம் உங்கள் ஷூ அளவு என்ன என்று கேட்டாள். ஆறு என்றேன். அவள் போன பிறகு எனக்கு நிலைகொள்ளவில்லை. ஓய்வு பெறுகிறவளுக்கு எதற்குப் பாதுகாப்பு ஷூ? என்னை விட மனமில்லை, ஆலோசகராக வைத்துக்கொள்ளப் போகிறார்கள், சின்ன முதலாளி கடைசி நாளில் சொல்லலாம் என்று வைத்திருக்கிறார் என்று முடிவு செய்துவிட்டேன். அன்று மாலையே வீட்டுக்காரரிடம் சொன்னேன். தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னேன். மேஜை டிராயரைக்கூடக் காலி செய்யவில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆட்களை எடை போட்டவள், அளவு கேட்டதும் பாயசம் வைத்துவிட்டேன்.

கடைசி நாள் மாலை கூட்டத்தில் ஒரு பெட்டியைக் கொடுத்தார்கள். நடைப்பயிற்சி ஷூ. பெட்டியின் மேல் சோதனைக்கூடத்தின் பச்சை ஸ்டிக்கர், அதில் கௌசல்யாவின் கையெழுத்து. காலில் போட்டுப் பார்த்தேன், அளவு கச்சிதம். ஆலோசகரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சிரித்துக்கொண்டே நன்றி சொல்லிவிட்டு, ரூமுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு அவசர அவசரமாக டிராயரைக் காலி செய்தேன்.

பெட்டியோடு கேட்டுக்கு வந்தபோது டீக்கடை ஓரத்தில் மஞ்சள் ஆட்டோ நின்றது. முத்துப்பாண்டிக்கு மீசை நரைத்திருந்தது. சவுக்குக் கம்பு இரண்டும் நட்டுத் தயாராக இருந்தன, சுருட்டிய ஃபிளெக்ஸ் அவர் மடியில் கிடந்தது. ஓரம் விரிந்த இடத்தில் ஒரு கொம்பும், என்னுடைய மூக்குக்கண்ணாடியும் தெரிந்தன. மதியத்திலிருந்தே அப்படி உட்கார்ந்திருக்கிறாராம். கௌசல்யா கட்ட விடவில்லை.

ஆட்டோவுக்குப் பக்கத்தில் நின்ற அவள் என் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் செக்யூரிட்டி கேட்டைச் சாத்துவதைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு மாமாவிடம் சொன்னாள்.

"இப்பக் கட்டலாம் மாமா. மேடம் வெளிய வந்துட்டாக."